யோயோ சாயமா, ஒளிரும் புரதமா? டிஎன்ஏ இழைகளைப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஒரு முனையைக் கண்ணாடியில் கட்டி, திரவ ஓட்டத்தில் நீட்டி நுண்ணோக்கியில் பார்க்க நாம் எடுப்பது லேம்டா என்ற பாக்டீரியா வைரஸின் டிஎன்ஏ. அதில் 48,502 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்). நீளம் சுமார் 16.5 மைக்ரான். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயமான யோயோ-1 முழுக்க ஏறினால் அதே இழை 20 மைக்ரானைத் தாண்டிவிடும், சாயம் கார இணைகளுக்கு நடுவே செருகிக்கொள்வதால். அதைவிடப் பெரிய தொல்லை அறுந்துபோவது. நீல லேசர் பட்டுச் சில நொடிகளில் நீண்டு கிடந்த கோடு நடுவில் துண்டாகும். ஒரு பாதியை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், கண்ணாடியில் கட்டிய பாதி மட்டும் குட்டையாக ஆடிக்கொண்டிருக்கும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ், குளுக்கோஸ் மூன்றையும் சேர்த்து ஆக்சிஜனை அகற்றினால் அறுவது தள்ளிப்போகும், நிற்காது.

லைசின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் குட்டிப் பெப்டைடை இஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிரும் புரதத்தோடு இணைத்துச் சாயமாக்கினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் பிடிப்பு பெரும்பாலும் டிஎன்ஏவின் எதிர்மின்சுமையால்தான். உப்பைக் கூட்டினால் கழன்றுவிடும். உங்கள் புரதத்துக்கு 150 மில்லிமோலார் உப்பு தேவையென்றால் முதலில் அந்த பஃபரிலேயே (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) சோதியுங்கள். கண்ணாடிக்கும் எதிர்மின்சுமை உண்டு, அதனால் பெக் (புரதம் ஒட்டவிடாத பாலிமர்) பூசாத கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் தகடு) முழுக்கப் பச்சையாகிவிடும். பிஎச் 6 பக்கம் போனால் இஜிஎஃப்பியின் ஒளி பாதியாகும். டிரிஸ் பஃபர், பிஎச் 8 பாதுகாப்பானது.

—

டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதத்திலேயே ஒளிரும் புரதத்தை ஒட்டுபவர்களுக்கு: சாதாரண இஜிஎஃப்பி லேசாக இரட்டையாகச் சேரும். 206-ஆம் அமினோ அமிலத்தை மாற்றி இதைத் தடுக்கும் ஏ206கே மாற்றம் போட்டதையே எடுங்கள், இல்லாவிட்டால் புரதம் கொத்தாகத் தெரிவதை டிஎன்ஏவின் வேலை என்று நம்பிவிடுவோம். ஒட்டிய பிறகு ஜெல் ஷிஃப்டில் (புரதம் பிணைந்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்க்கும் சோதனை) பிணைப்பு குறையவில்லையா என்று பார்ப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். தனி மூலக்கூறு பார்க்க, கண்ணாடிப் பரப்பை ஒட்டி மட்டும் ஒளியூட்டும் டிர்ஃப் நுண்ணோக்கியிலும் சில நானோமோலார்தான் நல்லது. 50-ஐத் தாண்டினால் பின்னணி எல்லாவற்றையும் விழுங்கும். எண்ணிக்கை எடுப்பவர்கள் கவனிக்க: குரோமோஃபோர் (புரதத்தின் ஒளிரும் பகுதி) முதிர ஆக்சிஜன் வேண்டும், முதிராத புரதம் இருட்டாகவே உட்கார்ந்திருக்கும்.

—

உயிருள்ள செல்லில் ஓரிடத்தை மட்டும் புள்ளியாகக் காட்ட, லாக் ஆபரேட்டர் என்ற குட்டி டிஎன்ஏ வரிசையை 256 முறை அடுக்கி, அதைப் பிடிக்கும் லாக்ஐ புரதத்தை ஜிஎஃப்பியோடு ஒட்டிப் பிணைப்பது 1996 முதல் உள்ள முறை. லாக்ஐ நான்காகச் சேர்வதால் இரண்டு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும். கடைசி 11 அமினோ அமிலங்களை வெட்டினால் இரட்டையோடு நின்றுவிடும். புரதம் அதிகமானால் பாக்டீரியாவில் நகலெடுப்பே அந்த இடத்தில் முட்டி நிற்கும், லாக்ஐயின் பிடியைத் தளர்த்தும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேருங்கள். பாக்டீரியாவில் வளர்க்கும் ப்ளாஸ்மிடில் (வட்ட டிஎன்ஏ) அடுக்கு தானாகவே சுருங்கும். அதைக் குறைக்க: ரெக்ஏ (டிஎன்ஏவை மாற்றிக் கோக்கும் புரதம்) இல்லாத பாக்டீரியா வகை, 30 டிகிரி, ஒவ்வொரு தயாரிப்புக்கும் நொதியால் வெட்டிப் பார்த்து நீளம் சரிபார்ப்பு.