எங்கள் வாசகசாலை பிளானில் எல்லாரையும் பேச வைப்பது எப்படி?

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையை இடித்துக் கட்டப் போகிறோம். இன்ஜினியர் தந்த பிளானைக் கூட்டத்தில் விரித்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்கு அந்தக் கோடுகள் புரியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

போன ஞாயிறு அந்த பிளானைக் கட்டிடத்தின் நிஜ அளவிலேயே மைதானத்தில் கோலமாவால் வரைந்து, உள்ளே நடந்து பார்க்கச் சொன்னோம். பேச்சு தானாக வந்தது. மார்கழியில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், வாசலை அங்கே வைத்தால் உள்ளே புழுதிதான் என்றார் ஒரு பாட்டி. தாத்தாக்கள் பேப்பர் படிக்கத் திண்ணை கேட்டார்கள். பிளானில் திண்ணையே இல்லை!

1976இல் மெக்சிகோவின் மெக்சிகாலியில் கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் குழு ஐந்து குடும்பங்களோடு சேர்ந்து, அவரவர் வீட்டை அவரவரே மனையில் நின்று வடிவமைக்க வைத்தது. அந்த வழிதான் எங்களுக்கும் வேண்டும்.

இளம் பெண்கள் பொதுக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. தனியாக உட்கார வைத்துக் கேட்கலாமா? அட்டையில் மாதிரி செய்து காட்டினால் உதவுமா? திண்ணைக்கு இடம் விட்டால் பிள்ளைகள் படிக்கும் அறை சுருங்கும், யார் சொல்வதை எடுப்பது? இப்படிக் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறோம்.