‘போல’ இல்லாத வரியில் படிமத்தை எப்படிக் காட்டுவது?

கரும்பலகை:
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். படிமம், அதாவது கண், காது முதலிய புலன்களில் பதியும் சொற்சித்திரம், எங்கே இருக்கிறது என்று கேட்டால் ‘போல’ வரும் வரியைக் கோடிட்டுவிட்டு பேனாவை மூடிவிடுகிறார்கள். ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதும் அவர்களுக்கு உவமைதான். எதை முதலில் எடுத்தால் சரியாக வரும்? படம் வரையச் சொல்வது உதவுமா?

குறில்நெடில்:
உவமையை முதலில் எடுத்ததுதான் சிக்கல். அப்புறம் பிள்ளை ‘போல’ என்ற உருபைத்தான் தேடும், புலனைத் தேடாது. முதல் இரண்டு மூன்று வகுப்புகளில் உவமை என்ற பேச்சே வேண்டாம். ஒப்பீடே இல்லாத நாலு வாக்கியம் போதும்:

“மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டிய நீர் வாளியில் ணங் ணங்கென்று விழுந்தது. வாசற்படியின் ஈரம் உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. மணி ஐந்து.”

முதல் தடவை கண்ணை மூடிக் கேட்கட்டும். இரண்டாம் தடவை தாளைக் கொடுத்து, சொல்லுக்கு மேலே க, கா, மூ, நா, தோ என்று புலனின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். முழு வரியைக் கோடிட விடவே கூடாது. விட்டால் எந்தச் சொல் வேலை செய்கிறது என்று கடைசிவரை பிடிபடாது. ‘மணி ஐந்து’ மேல் எழுத்து எதுவும் வராது, அது வெறும் தகவல். அப்படி ஒரு வெற்று வரியை வேண்டுமென்றே வையுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் குறித்துத் தள்ளுவார்கள்.

பிறகு ‘ணங் ணங்கென்று’ என்பதை எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். செய்தி அப்படியே இருக்கும், சத்தம் போய்விடும். வாளியில் தண்ணீர் இருந்ததா என்றும் கேளுங்கள். ணங்கென்றால் காலி வாளி, அதுவும் உலோக வாளி. வரியில் எங்கும் சொல்லாததை ஒரு ஒலிச்சொல் சொல்லிவிடுகிறது என்பது அங்கே பிடிபடும்.

எழுத்தாணி:
இதற்கு முன்னால் பத்து நிமிடம் இரட்டைக்கிளவி வைத்துக்கொள்ளலாம். பளபள, சலசல, கமகம, சொரசொர, பிசுபிசு என்று பலகையில் எழுதிப் புலன்வாரியாகப் பிரிக்கச் சொன்னால் போதும். ‘மொறுமொறு’வை நாக்கில் போடுவார்கள். அது சுவையே இல்லை, பல்லுக்கும் காதுக்கும் சேர்ந்தது. அந்தச் சண்டை நடக்கட்டும், நல்லது.

படம் வரைவது கண்ணுக்கு மட்டும்தான் உதவும், ணங்கை எப்படி வரைவது? ஐந்து நிமிடம், பென்சில் மட்டும். வண்ணம் கொடுத்தால் வகுப்பே அதில் போய்விடும். வரைந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பாடத்தில் உள்ள சொல்லை எழுத வேண்டும். பாடத்தில் இல்லாத தென்னைமரமும் சூரியனும் கட்டாயம் வரும். சொல் எழுத முடியாததை அவர்களே அடித்துவிடட்டும்.

நிழல்குடை:
‘போல’வுக்கு எளிய சோதனை இரண்டு. அந்த இடத்தில் ‘என்று தோன்றுகிறது’ பொருந்தினால் அது ஊகம்: ‘மழை வரும் போல’. ‘படி’ பொருந்தினால் அதுவும் உவமை இல்லை: ‘அம்மா சொன்னது போலச் செய்தான்’, அதாவது சொன்னபடி. இரண்டும் பொருந்தாமல், எதைப் போல எது என்று இரண்டு பொருளைக் காட்ட முடிந்தால்தான் உவமை.

அதற்கப்புறம் எதில் ஒப்பு என்ற கேள்வி. தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்று நான்கு சொல்கிறது. பெயர்கள் இந்த வயதுக்கு வேண்டாம், கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்: செயலா, பயனா, வடிவமா, நிறமா? ‘புலி போலப் பாய்ந்தான்’ என்றால் செயல். இதைக் கேட்காவிட்டால் அவன் உடம்பில் புலியின் வரிகள் இருந்தன என்று எழுதும் பிள்ளையும் உண்டு. மலர்முகம் உவமை, முகமலர் உருவகம் என்ற பிரிவைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

கரும்பலகை:
‘ஊசிக்காது’, ‘மேசைக்கால்’ என்று யாராவது கேட்டால்?

குறில்நெடில்:
கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். ஒரு காலத்தில் ஒப்பீடாக இருந்து இப்போது பெயராகிவிட்டவை. மேசைக்கால் என்றதும் யாருக்கும் மனிதக் கால் மனதில் வருவதில்லை, அதனால் குறியீடு போட வேண்டாம். ஆனால் ‘மேசை ஒரு காலை நொண்டியது’ என்று எழுதினால் கால் திரும்ப உயிர் பெறுகிறது. அதற்கு ‘க’ போடலாம்.