கியூஆர் கோடு: 'கட்டக்குறி' போதாதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கியூஆர் கோடு (QR code, அதாவது Quick Response code) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக 'விரைவுத் துலங்கல் குறியீடு' என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருப்பது மூலத்தின் பொருளைச் சிந்தாமல் தருகிறது. ஆனால் 1994இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் மசாகிரோ ஹாராவும் உடன் பணியாற்றியவர்களும் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைக்க இதை உருவாக்கியபோது, பட்டைக்குறியைவிட (பார்கோடு) வேகமானது என்பதைப் பெயரிலேயே சொல்ல வேண்டியிருந்தது. இன்று மலேசியாவில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையில் கைப்பேசியைக் காட்டிக் காசு கட்டுகிறவருக்கு அந்த வேகம் ஒரு செய்தியே அன்று.

'கியூஆர் கோடு' என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: தமிழ்க் காதுக்குக் கோடு என்றால் கீற்றுதான். பார்கோடில் உண்மையிலேயே கோடுகள் இருப்பதால் அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. இதில் இருப்பவையோ கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரலைக் கியூஆர் கோடாக அச்சிட்டு ஒட்டியபோது, பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர், "தம்பி, அந்தக் கட்டம் போட்ட தாள்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்டார். 'கட்டக்குறி' என்ற சொல் எனக்கு அங்கேதான் கிடைத்தது. பட்டைக்குறிக்குப் பக்கத்தில் வைத்தால் ஓசையிலும் அமைப்பிலும் இணையாக நிற்கிறது.

அந்தத் தாளைப் பாட்டியின் பேரன் கைப்பேசியாலும் படிக்க முடியவில்லை என்பது வேறு கதை. பிழை என்னுடையது: நிரல் முழுவதையும் அப்படியே குறிக்குள் திணித்துவிட்டேன். கணினிக்கான எழுத்துத் தரமான யூனிகோடில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (தரவின் அளவு அலகு), ஆக 6 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். மிகப் பெரிய கட்டக்குறியே, அதுவும் பிழைதிருத்தத்தை (குறி சற்றுச் சிதைந்தாலும் படிக்க உதவும் கூடுதல் தரவை) மிகக் குறைத்துவைத்தால்தான், 2953 பைட் கொள்ளும். உள்ளங்கையளவு தாளில் வரிசைக்கு 150 கட்டங்களுக்கு மேல் நெருங்கி, பார்ப்பதற்கு மிளகுத்தூள் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. பிறகு நிரலை ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றி, அதன் முகவரியை மட்டும் குறிக்குள் வைத்தேன். கட்டங்கள் பெரிதாகின, எல்லாருடைய கைப்பேசியிலும் உடனே திறந்தது.

துணைச்சொற்களுக்கும், கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிடும் இதே வழியில் போகலாம் என்பது என் கருத்து. குறி எப்படித் திரும்பியிருந்தாலும் கருவிக்குத் திசை காட்டும் மூன்று பெரிய சதுரங்களை 'மூலைக்கண்' எனலாம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு விடவேண்டிய வெள்ளை இடம் 'வெற்றோரம்'. அச்சகத்தில் இடம் மிச்சம் என்று முதலில் வெட்டப்படுவது இந்த வெற்றோரம்தான் என்பதால், அதற்கு ஒரு பெயர் இருப்பது நல்லது. ஸ்கேன் செய்வதற்கு 'வருடு' என்கிறோம். தொடாமலே நடப்பதை வருடல் என்பது எனக்கு ஒட்டவில்லை. 'படி' போதும்.

டேட்டா மேட்ரிக்ஸ் (Data Matrix) போன்ற வேறு வகைக் குறிகளும் கட்டங்களால் ஆனவைதாமே என்ற மறுப்பு நியாயமானது. அவ்வினம் முழுவதற்கும் கட்டக்குறியைப் பொதுப்பெயராக்கி, பிரித்துக் காட்டவேண்டிய நூல்களில் மட்டும் 'கியூஆர் கட்டக்குறி' என்று எழுதலாம். கோயில் பலகைக்கு "இக்கட்டக்குறியைக் கைப்பேசியில் படிக்கவும்" என்று எழுதிவைத்திருக்கிறேன். 'குறியீடு' என்றே இருக்கவேண்டும் என்போர், அச்சுக்குப் போகுமுன் காரணத்தைச் சொல்லுங்கள்.