உதவி தேவை: சாவி மதியம்தான் கிடைக்கும், பழைய வீட்டை மாலைக்குள் காலி செய்ய வேண்டும், அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

மூன்றாம்மாடி:
வணக்கம். வரும் சனிக்கிழமை வீடு மாற்றுகிறோம். இப்போது இருப்பது மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. போகப்போவது ஐந்தாவது மாடி, லிப்ட் உண்டு, ஆனால் சாமான் ஏற்ற மதியம் 1 மணி முதல் 4 வரைதான் விடுவார்களாம். புது வீட்டுச் சாவி 12 மணிக்குத்தான் கைக்கு வரும். பழைய வீட்டைப் பெருக்கித் துடைத்து மாலை 6 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வண்டியில் முக்கால் மணி நேரம். வண்டிக்காரர் நான்கு ஆட்களோடு காலை 9 மணிக்கு வருகிறேன் என்கிறார்.

வீட்டில் நாங்கள் இருவர், அம்மா, ஒரு பூனை. அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. பெரிய சாமான் என்றால் ஃப்ரிட்ஜ், முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின், மூன்று பேர் உட்காரும் சோபா, இரண்டு கட்டில், ஒரு பீரோ, அப்புறம் அலமாரி நிறையப் புத்தகங்கள். வண்டிக்காரர் ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்தே கொண்டு போகலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை எப்போது செய்வது என்று யோசித்தாலே தலை சுற்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏணிப்படி:
காலை 9 மணியிலிருந்து கணக்குப் போடாதீர்கள், மாலை 4 மணியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். உங்கள் நாளில் அசைக்க முடியாத சுவர் அந்த லிப்ட் நேரம்தான், 6 மணி கூட இல்லை. 1 மணிக்கு லிப்ட் திறக்கும்போது வண்டி கீழே நிற்க வேண்டும் என்றால் 12 மணிக்காவது இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். மூன்று மாடி படியில் நான்கு பேர் ஒரு முழு வீட்டை இறக்கி, அடுக்கி, கயிறு கட்ட 9 முதல் 12 போதாது, போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 7 மணிக்கு வரச் சொல்லிப் பேசுங்கள்.

அதைவிட முக்கியம், வண்டி வந்து நிற்கும்போது வீட்டில் திறந்திருக்கும் பெட்டி ஒன்றுகூட இருக்கக்கூடாது. சாமான் தூக்குவதில் நேரம் போவதில்லை. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, வீட்டுக்காரர் அடுப்படியில் டப்பாக்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருப்பார் பாருங்கள், அங்கேதான் போகிறது. வெள்ளி இரவே எல்லாவற்றையும் டேப் ஒட்டி, வாசலுக்குப் பக்கத்து அறையில் ஒரு சுவரோரமாக அடுக்கிவிடுங்கள், நடக்க வழி விட்டு. கட்டில்களையும் இரவே கழற்றிவிட்டு மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். கழற்றிய திருகாணிகளை ஒரு சின்னப் பையில் போட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். தனியாக ஒரு டப்பாவில் போட்டால் அந்த டப்பாதான் கடைசியில் கிடைக்கும்.

படியில் இன்னொன்று: ஒவ்வொருவரும் மூன்று மாடியும் ஏறி இறங்க வேண்டாம். மாடிக்கு ஒருவராக நின்று பெட்டியைக் கைமாற்றி விட்டால் யாரும் வெறுங்கையோடு படி ஏற வேண்டியதில்லை, மூச்சும் வாங்காது. பெட்டிகளுக்கு மட்டும்தான் இது. ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் இரண்டிரண்டு பேராக நேராக இறக்க வேண்டியதுதான், அதை ஆட்கள் களைப்பதற்கு முன்பே முதலில் இறக்கச் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டி:
ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துப் பலரும் கொண்டுபோகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே. ரொம்பப் பயமுறுத்தாதீர்கள்.

ரெஞ்சும்நானும்:
ஆகாமல் போனதை வைத்துச் சொல்கிறீர்கள். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும், இறக்கியதும் ப்ளக்கைச் சொருகினால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடும். கெட்டால் அந்த நிமிடமே கெடும், அல்லது சில மாதம் கழித்துப் படுக்கும், அப்போது யாரும் இந்த நாளை நினைக்க மாட்டார்கள்.

நெட்டுக்குத்தாகவே கொண்டு போங்கள். படியில் இறக்கும்போது கொஞ்சம் சாய்வது பரவாயில்லை. வேறு வழியே இல்லாமல் படுக்க வைத்தால் எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே போட வேண்டும், ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது. நேராகவே வந்தாலும் சில மணி நேரம் விடுங்கள், கூட வந்த கையேட்டில் எவ்வளவு என்று இருக்கும். வெள்ளிக்கிழமை காலையிலேயே அணைத்து, கதவைத் திறந்து, ஐஸ் முழுக்கக் கரைய விடுங்கள். இல்லையென்றால் வண்டியில் கூடவே வரும் மெத்தைதான் அந்தத் தண்ணீரைக் குடிக்கும்.

வாஷிங் மெஷின் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள், ஆனால் ஃப்ரிட்ஜைவிட அதுதான் வம்பு. முன்பக்கக் கதவு மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. புதிதாக வந்தபோது பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் போட்டு டிரம்மை அசையாமல் பிடித்திருப்பார்கள், பொருத்த வந்தவர் கழற்றி உங்களிடம் கொடுத்திருப்பார். அதைத் தேடி எடுத்துத் திரும்பப் போடுங்கள். குழாயை மூடி ஹோஸைக் கழற்றிய பிறகு, கீழே முன்பக்கம் உள்ள சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரில் நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். தட்டையான தட்டு ஒன்று வேண்டும், பக்கெட் அந்த உயரத்துக்குள் நுழையாது.

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. வண்டிக்காரர் 7 மணிக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டார். போல்ட்டைத் தேடிவிட்டேன், வீட்டில் இல்லை. அப்புறம் சோபா. புது வீட்டு வாசல் 32 அங்குலம்தான், சோபா 36 அங்குல ஆழம், 34 அங்குல உயரம், நீளம் 80. போகாது போலிருக்கிறதே? இதை விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது.

கயிறுகட்டி:
விற்க வேண்டாம், முதலில் சரியாக அளந்து பாருங்கள். சோபாவை யாரும் அப்படியே தள்ளிக்கொண்டு போவதில்லை, செங்குத்தாக நிறுத்தித் திருப்பித்தான் நுழைப்பார்கள். அப்போது முக்கியமான அளவு வேறு. முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன்முனை வரை ஒரு நேரான குச்சியைச் சாய்த்து வையுங்கள். அந்தக் குச்சியிலிருந்து, கீழே பின்பக்க மூலைக்கு நேர் குறுக்காக எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அது 32-க்குக் குறைவாகவும், நிறுத்திய உயரமான 80 அங்குலம் வாசல் உயரத்துக்குக் குறைவாகவும் இருந்தால் நுழைந்துவிடும். முதுகை உள்ளே விட்டு, உட்காரும் பகுதியைச் சட்டத்தைச் சுற்றித் திருப்ப வேண்டும். சோபாவின் கால்களைக் கழற்றினால் உயரம் குறையும், கதவைக் கீலிலிருந்து இறக்கிவிட்டால் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ கிடைக்கும். வாசலைத் தாண்டியதும் திருப்ப இடம் இருக்கிறதா என்பதையும், லிப்டுக்குள் உயரம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். சோபா சிக்குவது முக்கால்வாசி நேரம் வாசலில் இல்லை, லிப்டிலும் படித் திருப்பத்திலும்தான்.

ரெஞ்சும்நானும்:
போல்ட் இல்லையென்றால் மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகக் கடையில் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமைக்குள் வராவிட்டால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் தகட்டின் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினால் தகடு பின்னால் நகர்ந்து வந்துவிடும். டிரம்முக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் கெட்டியான ஸ்பாஞ்சைத் திணித்து அசையாமல் செய்யலாம். ஒயர்களை அமுக்காமல் பார்த்துச் செய்யுங்கள். எத்தனை துண்டு வைத்தோம் என்று மெஷின் மேலேயே டேப்பில் எழுதி ஒட்டுங்கள், ஒன்றையும் விடாமல் எடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். நெட்டுக்குத்தாகத்தான் இதுவும்.

அட்டைப்பெட்டி:
புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், பெரிய பெட்டியில் தலையணை, துணி. நிறையப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டு அடி பிய்ந்துவிட்டது என்று பெட்டியைத் திட்டுவார்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே பேப்பர், அடியில் ஒரு துண்டு. குலுங்கும்போது தட்டு விளிம்பில் தாங்கும், படுத்திருந்தால் மேலே உள்ள எடை எல்லாம் அடித்தட்டின் நடுவில் இறங்கும்.

பெயரை மேல்பக்கம் எழுதாதீர்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியவே தெரியாது. இரண்டு பக்கவாட்டில் எழுதுங்கள், எழுதுவதும் பழைய வீட்டு அறையின் பெயர் அல்ல, புது வீட்டில் எந்த அறைக்குப் போகிறதோ அது. அதே பெயரைப் பேப்பரில் எழுதிப் புது வீட்டு அறை வாசல்களில் ஒட்டிவிட்டால் ஆட்கள் "இது எங்கே சார்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு லிப்ட் மூன்றே மணி நேரம், இது சின்ன விஷயமில்லை. பெட்டிகளுக்கு எண்ணும் போடுங்கள், ஏறும்போது ஒருவர், இறங்கும்போது ஒருவர் டிக் அடிக்கட்டும்.

வண்டியில் ஃப்ரிட்ஜ், பீரோ, மெஷின் எல்லாம் டிரைவர் கேபினுக்குப் பின்னால் உள்ள சுவரை ஒட்டி முதலில் ஏறட்டும், கயிறு கட்டி. மெத்தையைப் பக்கவாட்டில் நிறுத்தினால் நல்ல அணை. கடைசியில் ஏறுவதுதான் முதலில் இறங்கும், அதனால் கட்டில் சட்டங்களும் அம்மாவின் பெட்டியும் கடைசி. பெயின்ட், தின்னர், பெட்ரோல், காஸ் சிலிண்டர் எதையும் மூடிய வண்டியில் ஏற்றாதீர்கள்.

மொட்டைமாடிப்பூனை:
அம்மாவைப் பற்றியும் பூனையைப் பற்றியும் யாரும் சொல்லவில்லையே. முடிந்தால் இருவரும் அன்று காலை வேறு வீட்டில் இருக்கட்டும், உறவினர், நண்பர் யார் வீடாவது. சாமான் இறங்கி ஒரு கட்டில் போட்ட பிறகு வரட்டும். முடியாது என்றால் பூனையைக் காலி செய்த குளியலறையில் கூடையோடு விட்டு, கதவில் பெரிதாக "திறக்காதீர்கள், பூனை" என்று ஒட்டுங்கள். அங்கேயும் அதேதான், ஒரு அறையை மூடி அதில் விடுங்கள். கதவு திறந்தே கிடக்கும் நாளில் ஓடிப்போகாத பூனை அபூர்வம்.

இன்சுலின் வண்டியில் போகவே கூடாது, அம்மாவின் கைப்பையில் போக வேண்டும். திறக்காதவற்றைக் குளிர்ப்பையில், ஐஸ் பேக்கைத் தொடாதபடி துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துவிட்ட இன்சுலினை உருகிய பிறகும் போடக்கூடாது. இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனா பெரும்பாலும் வெளியில் இருக்கலாம், பல வகைகளுக்கு 4 வாரம், வெயிலும் சூடும் படாமல். உங்கள் அம்மாவுடையது எவ்வளவு தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் வெள்ளிக்கிழமையே அணைகிறது, ஞாயிறு வரை குளிராதுகூட, அதனால் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கினால் சாப்பிட ஏதாவது அதே பையில்.

ஏணிப்படி:
ஒன்று விட்டுப்போனது. ஒருவர் பழைய வீட்டிலேயே தங்கிவிட வேண்டும். துடைப்பம், மாப், பக்கெட், குப்பைப் பை, ஸ்க்ரூடிரைவர் இவற்றை வண்டியில் ஏற்ற விடாதீர்கள், ஆர்வக்கோளாறில் முதலில் ஏறுவது துடைப்பம்தான். அவர் துடைத்து, காலியான அறைகளையும் மீட்டரையும் போட்டோ எடுத்து, சாவியை ஒப்படைத்துவிட்டு வரட்டும். இன்னொருவர் வண்டிக்கு முன்னால் போய்ச் சாவியை வாங்கி, லிப்டைக் கேட்டு, அறைப் பேப்பர்களை ஒட்டி வைக்கட்டும். நகை, பத்திரங்கள், லேப்டாப், சார்ஜர் அவரோடு. சாவி தாமதமானால் வண்டி நிற்கும் நேரத்துக்கு என்ன வாங்குவார்கள் என்று இப்போதே பேசி எழுதி வாங்குங்கள். அதற்கும் முன்னால், வீட்டுக்காரரிடம் வெள்ளி மாலையே சாவி தர முடியுமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள், வீடு காலியாகத்தானே கிடக்கிறது?

மூன்றாம்மாடி:
கேட்டேன். சாவி முன்னாடியே தர மாட்டாராம், ஆனால் வெள்ளி மாலை அவரே திறந்து காட்டினார், வாசலை அளந்துகொண்டேன். குச்சி வைத்து அளந்தால் சோபா 29 அங்குலம், லிப்டிலும் நிற்கும். அம்மா என் அக்கா வீட்டில், பூனையும் அங்கேயேதான்.

மூன்றாம்மாடி:
வந்துவிட்டோம். லிப்ட் நேரத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது, சோபா கால்களைக் கழற்றியதும் நுழைந்தது. ஒரு பிரச்சினை. வாஷிங் மெஷினில் ஸ்பாஞ்ச் எல்லாம் எண்ணி எடுத்துவிட்டேன், ஆனாலும் ஸ்பின்னில் தடதடவென்று நகர்கிறது. டிரம் போய்விட்டதா?

ரெஞ்சும்நானும்:
அவசரப்படாதீர்கள். மெஷினை அணைத்துவிட்டு, மேல் மூலைகளில் எதிரெதிராகக் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் ஒரு கால் தரையில் படவில்லை. புதுத் தரை, புது மட்டம், பழைய வீட்டு அளவு இங்கே சரிவராது. அந்தக் காலைத் தரையில் படும் வரை திருகி இறக்கி, மேலே உள்ள நட்டை மெஷின் பக்கமாக இறுக்குங்கள், இறுக்காவிட்டால் மறுபடி நகர்ந்துவிடும். பிறகு காலி டிரம்மை ஒருமுறை ஸ்பின்னில் விட்டுப் பாருங்கள்.

மூன்றாம்மாடி:
பின்பக்க வலது கால்தான். இறக்கி இறுக்கினேன், தடதடப்பு நின்றுவிட்டது.