ஃபில்டர் இல்லாத செடித்தொட்டி: விடியக்காலையில கப்பி மீன் மேல வந்து வாய் பிளக்குது, மண்ணுல அழுகின முட்டை நாத்தம். என்ன பண்றது?

காட்பாடி கப்பி:
எல்லாருக்கும் வணக்கம். தொட்டி ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி. வால்ஸ்டாட் முறையில அடியில மண் போட்டு, ஃபில்டர் இல்லாம வச்சிருக்கேன். செம்மண்ணும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து ரெண்டரை இஞ்ச், அது மேல சலிச்ச பாலாத்து மணல் மூணு இஞ்ச். வாலிஸ்நேரியா 6 செடி, கபோம்பா ஒரு கட்டு. போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1100. 10 வாட் எல்இடி, தினம் 10 மணி நேரம் எரியுது. நாலாம் நாள் கப்பி 10 விட்டேன். இன்னைக்குப் பன்னெண்டாம் நாள். தண்ணி பால் கலந்த மாதிரி கலங்கி இருக்கு. விடிஞ்சதும் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ரெண்டு செத்துடுச்சு. மணலை அமுக்கினா குமிழி வந்து நாறுது. கபோம்பா இலை கொட்டுது. மீன் வாங்கின கடையில கல் உப்பும் மெத்திலீன் ப்ளூவும் போடச் சொன்னாங்க. போடலாமா?

ஆற்காடு நீர்ச்செடி:
ரெண்டும் வேணாம் தம்பி. உப்பு செடியைக் கொல்லும். 1100 டிடிஎஸ் தண்ணியில இன்னும் உப்பு எதுக்கு? மெத்திலீன் ப்ளூ போட்டா, இப்பதான் உருவாகிட்டு இருக்கிற, அமோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கும்.

இப்பவே செய்ய வேண்டியது: பாதித் தண்ணியை மாத்துங்க. புதுத் தண்ணி அதே சூட்டுல இருக்கணும். போர்லேந்து நேரா ஊத்தாதீங்க. நிலத்தடித் தண்ணியில ஆக்சிஜன் குறைவா இருக்கும், கார்பன் டை ஆக்சைடு அதிகமா இருக்கும். வாய் அகலமான பக்கெட்ல ஒரு நாள் வச்சுட்டு ஊத்துங்க. இன்னைக்கே ஊத்தணும்னா, ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் காத்தைக் குமிழியா விடுற கல்) போட்டு ரெண்டு மணி நேரம் ஓட விட்டு ஊத்துங்க. ராத்திரி முழுக்கத் தொட்டியில ஏர் பம்ப் ஓடட்டும். ஃபில்டர் இல்லாத தொட்டின்னா காத்தே கூடாதுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு நாள் தீனி வேணாம்.

இன்னொன்னும் பாருங்க. லைட் போட்டு ஒரு மணி நேரத்துல மீன் கீழ இறங்குதா, இல்ல மத்தியானமும் மேலயே நிக்குதா? துளி டெஸ்ட் கிட்ல அமோனியா, நைட்ரைட், பிஎச் பார்த்துச் சொல்லுங்க.

காட்பாடி கப்பி:
தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி பார்த்தேன் அண்ணா. அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0.5, பிஎச் 8.2, தண்ணி 32 டிகிரி. லைட் போட்ட பிறகு பாதி மீன் இறங்குது, மீதி மேலயே இருக்கு.

பாலாற்றங்கரை:
அப்போ ஆக்சிஜன் குறைவு, அமோனியா ரெண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கு. லைட் போட்டதும் இறங்குற மீனுக்கு ஆக்சிஜன் குறைவு, மேலயே நிக்கிறதுக்கு அமோனியா.

முதல்ல ஆக்சிஜன். 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில 7.3 தான். ராத்திரியில செடியும் மீனும் அதே ஆக்சிஜனைத்தான் எடுக்குது. மண்புழு உரத்துலேந்து கசியிறதைத் தின்னு பெருகின பாக்டீரியாதான் அந்தப் பால் நிறம், அதுக்கும் ஆக்சிஜன் வேணும். அதனாலதான் விடியறதுக்கு முன்னாடி அளவு அடிமட்டத்துக்கு வந்துடுது.

அடுத்தது அமோனியா. ஒரே 2 பிபிஎம், பிஎச் 7ல இருந்தா அதுல ஒரு சதவீதம்தான் விஷ வடிவத்துல இருக்கும். உங்க 8.2 பிஎச், 32 டிகிரியில சுமார் 13 சதவீதம். அதாவது 0.25 பிபிஎம் செவுளை நேரா அரிக்கிற அமோனியா. நம்ம பக்கத்துக் கடினத் தண்ணியில அமோனியாவை லேசா எடுத்துக்கக் கூடாதுன்றது இதனாலதான். செடி கார்பன் டை ஆக்சைடை இழுக்க இழுக்க பிஎச் இன்னும் ஏறும். அதனால சாயங்காலம் ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, காலை அளவை மட்டும் நம்பாதீங்க.

தொட்டி 56 லிட்டர்னு கணக்கு வச்சு 10 மீன் விட்டிருப்பீங்க. அஞ்சரை இஞ்ச் மண்ணும் மணலும், மேல ஒரு இஞ்ச் காலி. மிச்சம் அஞ்சரை இஞ்ச் தண்ணி, வெறும் 26 லிட்டர்.

ஆற்காடு நீர்ச்செடி:
மணலை ஒரு இஞ்ச்சுக்குக் குறைச்சு, ஊதுவத்திக் குச்சியால ரெண்டு இஞ்ச்சுக்கு ஒரு குத்து குத்தி வாயுவை வெளியேத்தினா போதும்னு எனக்குத் தோணுது. மீனைப் பக்கெட்டுக்கு மாத்திட்டுச் செய்யணும். செடி வேர் விட்டா மண்ணுக்குள்ள ஆக்சிஜன் போகும், நாத்தம் தானா அடங்கும்.

பாலாற்றங்கரை:
வெறும் மண்ணா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன். பாதி மண்புழு உரம், அதுவும் ரெண்டரை இஞ்ச். மாசக்கணக்குல அமோனியா கக்கும், ஆறு வாலிஸ்நேரியாவால அதை உறிஞ்ச முடியாது. பன்னெண்டு நாள் தொட்டிதானே, கலைச்சுடுங்க.

கலைச்ச பிறகு அந்தப் பழைய மணலையே திரும்பப் போடாதீங்க. சலிச்சுக் கீழ விழுந்த நைசு மணலைப் போட்டிருக்கீங்க. அது சிமெண்ட் மாதிரி இறுகி மண்ணுக்குக் காத்துப் போக விடாது. ஜல்லடை மேல நின்ன 2 முதல் 3 மில்லிமீட்டர் பருமணல்தான் வேணும். அலசின தண்ணி தெளியிற வரைக்கும் கழுவுங்க. ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க. நுரைச்சா அதுல சுண்ணாம்போ கிளிஞ்சலோ இருக்கு, தண்ணி இன்னும் கடினமாகும், வேணாம்.

மண்: உரம் கலக்காத செம்மண் மட்டும். ஜல்லடையில சலிச்சு, ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு, மேல மிதக்கிற குப்பையை வடிச்சுட்டு, வெயில்ல காய வைங்க. இப்படி மூணு தடவை. ஒரு இஞ்ச் உயரத்துக்கு நாலேமுக்கால் லிட்டர் மண் போதும், பருமணலும் அதே அளவு. அதுக்கு மேல ஒரு கைப்பிடி கூடக் கூடாது. பூச்சிமருந்து அடிச்ச நிலத்து மண்ணும் ஏரி வண்டலும் வேணாம். ராணிப்பேட்டைப் பக்கத்து மண்ணுன்னா இன்னும் கவனம், அங்க குரோமியம் கலந்த இடங்கள் இருக்கு.

முதல்ல மண் நனையிற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, குச்சியால குமிழியைக் கிளப்பிட்டு மணல் போடுங்க. தட்டு வச்சு அது மேல மெதுவா ஊத்துங்க. இந்த முறையில தண்ணி 42 லிட்டர் நிக்கும், அதுவே பெரிய பாதுகாப்பு.

ஆற்காடு நீர்ச்செடி:
சரி, உரத்தோட அளவைப் பார்த்தா கலைக்கிறதுதான் சரி. செடி விஷயம் நான் சொல்றேன், ஏன்னா இந்தத் தொட்டியில ஃபில்டரே செடிதான். முதல் நாளே தரையில முக்கால்வாசி மறையணும். கபோம்பா வேணாம், கடினத் தண்ணியில அது நிக்காது. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வார்ட் மூணும் பைகார்பனேட்லேந்து கார்பன் எடுக்கும், உங்க போர் தண்ணியே அதுங்களுக்குத் தோதா இருக்கும். வாலிஸ்நேரியா 15, ஹைட்ரில்லா 4 கட்டு. கட்டுல இருக்கிற ஈயப் பட்டையை எடுத்துட்டு ஒவ்வொரு தண்டா நடுங்க. வாலிஸ்நேரியாவோட வேரும் இலையும் சேர்ற கழுத்து மணலுக்கு மேல தெரியணும், புதைஞ்சா அழுகும். ஹார்ன்வார்ட்டுக்கு வேர் கிடையாது, மிதக்க விடுங்க. மேல்பரப்புல மூணுல ஒரு பங்கு சால்வினியா. அமோனியாவை வேகமா இழுக்குறது இந்த மிதக்கிற செடிங்கதான், காத்துலேந்தே கார்பன் கிடைக்கிறதால. அளவுக்கு மேல வளர்ந்ததைக் காய வச்சுப் பூந்தொட்டி மண்ணுக்குப் போடுங்க, ஏரியிலயோ கால்வாயிலயோ கொட்டிடாதீங்க, மூடிடும்.

லைட் 4 மணி நேரம், நடுவுல 4 மணி நேரம் ஓய்வு, திரும்ப 4 மணி நேரம். ஓய்வுல கார்பன் டை ஆக்சைடு திரும்பச் சேரும், பாசிக்கும் இடம் குறையும்.

காட்பாடி கப்பி:
நன்றி அண்ணா. மீன் எட்டையும் அதுவரைக்கும் எங்க வைக்கிறது? வீட்ல ஆர்ஓ மெஷின் இருக்கு, அந்தத் தண்ணி ஊத்தலாமா?

பாலாற்றங்கரை:
20 லிட்டர் பக்கெட், ஏர் ஸ்டோன், கொஞ்சம் ஹார்ன்வார்ட். தினம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு தீனி.

தொட்டியை நிரப்பப் பாதி போர், பாதி ஆர்ஓ. அதுக்கப்புறம் ஆவியாகிக் குறையிறதுக்கு ஆர்ஓ மட்டும் ஊத்துங்க. ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டியிலயே நிக்கும். போர் தண்ணியையே ஊத்திக்கிட்டு இருந்தா டிடிஎஸ் மாசாமாசம் ஏறும். மெஷின் கழிச்சு விடுற தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க, உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. காவிரிக் கூட்டுக்குடிநீர் வர்ற வீடுன்னா குளோரின் போக ஒரு நாள் திறந்து வச்சு ஊத்தணும்.

அமோனியாவும் நைட்ரைட்டும் மூணு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டினா மட்டும் மீன் விடுங்க. மூணு வாரத்துலேந்து ஆறு வாரம் ஆகலாம். முதல்ல மூணு கப்பி, ரெண்டு வாரம் கழிச்சு மீதி. மீன் இல்லாத நாள்ல தொட்டி மேல கொசுவலை கட்டாயம். ஏடிஸ் முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா மாறிடும், நம்ம ஊர்ல டெங்கு வராத வருஷம் இல்ல.

ஆற்காடு நீர்ச்செடி:
அக்னி நட்சத்திரம் முடியிற வரைக்கும் தொட்டியை ஜன்னல் வெயில்லேந்து தள்ளி வைங்க. ஒரு சின்ன மேஜை ஃபேனைத் தண்ணியோட மேல்பரப்பு மேல திருப்பி வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும். தண்ணி சீக்கிரம் குறையும், தினம் பார்த்து ஆர்ஓ ஊத்துங்க. அஞ்சாம் நாள் சாயங்காலம் அளவெடுத்து இங்க போடுங்க தம்பி, அமோனியா 1க்கு மேல இருந்தா சால்வினியாவைப் பாதிப் பரப்புக்கு ஏத்திக்கலாம்.