கேன்ட்ரியில் உள்ள ஐஓ மாட்யூல் அடிக்கடி தொடர்பை இழக்கிறது: எம்12 டி-கோடிங்கை விட்டு எக்ஸ்-கோடிங்குக்கு மாற வேண்டுமா?

கேள்வி

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு பால்பொருள் ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். பால் கிரேட்டுகளை அடுக்கும் எங்கள் இயந்திரத்தில், இடமும் வலமுமாக ஓடும் கேன்ட்ரி என்ற சட்டத்தின் மேல், தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 வகை ஐஓ மாட்யூல் (சென்சார்களும் வால்வுகளும் இணையும் பெட்டி) ஒன்று இருக்கிறது. கீழே உள்ள சுவிட்சிலிருந்து கேபிள் செயின் (கேபிளைத் தாங்கியபடி கூடவே வளைந்து ஓடும் சங்கிலி) வழியாக 12 மீட்டர் புரொஃபிநெட் (ஆலை இயந்திரங்களுக்கான ஈதர்நெட் வலை) கேபிள் அதற்குச் செல்கிறது. இரு முனைகளிலும் எம்12 (12 மில்லிமீட்டர் மரையுள்ள வட்ட வகை) டி-கோடிங் கனெக்டர்கள்தாம். சென்ற மாதம் பழைய கேபிள் செயினுக்குள் அறுந்துவிட்டதால், புதிய கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, ஆலையிலேயே கனெக்டர் கட்டி மாட்டினோம். அன்று முதல் ஒரு ஷிப்டில் நான்கைந்து முறை மாட்யூல் தொடர்பை இழக்கிறது, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சியும் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது.

மல்டிமீட்டரில் நான்கு கம்பிகளும் முனைக்கு முனை சரியாகக் காட்டுகின்றன. கனெக்டர் விற்பவரோ, டி-கோடிங் பழைய சரக்கு என்றும், ஐபி69கே தரமுள்ள எக்ஸ்-கோடிங் கனெக்டருக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்றும் சொல்கிறார். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

கையெழுத்து வாங்க வேண்டாம். உங்கள் மாட்யூலின் முகப்பில் இருப்பது நான்கு பின்களுக்கான டி-கோடிங் சாக்கெட் என்றால், எட்டுப் பின்களும் நடுவில் சிலுவை வடிவத் தடுப்பும் உள்ள எக்ஸ்-கோடிங் கனெக்டர் அதில் நுழையவே நுழையாது. தவறான இடத்தில் தவறான கேபிளை யாரும் மாட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கோடிங் முறையே ஏற்பட்டது. சென்சார்களுக்கு ஏ, புரொஃபிபஸுக்கு பி, 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு டி, 10 கிகாபிட் வரையிலான வேகத்துக்கு எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மெகாபிட் மாட்யூலுக்கு டி-கோடிங் தாராளமாகப் போதும். கேமரா போன்றவற்றுக்குத்தான் எக்ஸ் தேவைப்படும்.

மறுமொழி 2

நானும் ஒருமுறை இதே தொல்லையை அனுபவித்தேன். பிஎல்சி மென்பொருளில் அந்த மாட்யூலுக்கு எத்தனை சுற்றுகள் தரவு வராவிட்டால் பிழை என்று கொள்ள வேண்டும் என ஓர் அமைப்பு உண்டு. பொதுவாக அது 3 என்றிருக்கும்; அதை 10 ஆக்கியதும் எங்கள் இயந்திரம் நிற்பது ஓய்ந்தது.

மறுமொழி 3

மேலே உள்ள நண்பரின் வழியில் இயந்திரம் ஓடும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். புதுப்பிப்பு நேரம் (ஒரு சுற்றுத் தரவு வரும் இடைவெளி) 2 மில்லிநொடி என்றால், 6 மில்லிநொடி பொறுத்துப் பார்த்துவிட்டு பிஎல்சி நிறுத்துகிறது. அதை 20 ஆக்குவது, தரவு கெடுவதைத் தடுக்காது.

கேட்டவரிடம் மூன்று விவரங்கள் வேண்டும். சுவிட்சின் இணையப் பக்கத்தில் அந்தப் போர்ட்டுக்கு எதிரே சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போய் வந்த தரவு) எண்ணிக்கை கூடுகிறதா? சர்வோ மோட்டார் ஓடும்போது மட்டும் கூடுகிறதா, நிற்கும்போதும் கூடுகிறதா? கனெக்டரைத் திறந்து, எந்தப் பின்னில் எந்த நிறக் கம்பி இருக்கிறது என்று இரு முனைகளிலும் பார்த்து எழுதுங்கள். ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல்) எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. சர்வோ நிற்கும்போது பிழை எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடுகிறது. ஓடத் தொடங்கியதும் மளமளவென்று ஏறுகிறது. இரு முனைகளிலும் கம்பிகள் ஒரே மாதிரியாகத்தான் உள்ளன: பின் 1 மஞ்சள், 2 ஆரஞ்சு, 3 வெள்ளை, 4 நீலம். ஷீல்டின் பின்னலை வால்போல் முறுக்கி ஒரு பக்கமாக மடித்து வைத்திருக்கிறார்கள். கேபிள், செயினுக்கென்றே உள்ள டைப் சி தான். உறையின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

மறுமொழி 3

பிழை இதில்தான் இருக்கிறது. ஆர்ஜே45 (கணினி வலைக் கேபிளின் சாதாரண கனெக்டர்) கட்டிப் பழகிய கை செய்த வேலை இது. ஆர்ஜே45-இல் 1, 2, 3, 6 என்ற பின்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என்ற வரிசை சரி. எம்12 டி-கோடிங்கில் அப்படியல்ல: பின் 1 மஞ்சள், பின் 2 வெள்ளை, பின் 3 ஆரஞ்சு, பின் 4 நீலம். அனுப்பும் இணை 1-உம் 3-உம். பெறும் இணை 2-உம் 4-உம்.

இரு முனைகளிலும் ஒரே தவறு நடந்திருப்பதால் பின்னுக்குப் பின் தொடர்பு இருக்கிறது, மல்டிமீட்டரும் குறை சொல்லவில்லை, லிங்க் விளக்கும் எரிகிறது. ஒரு முனையில் மட்டும் தவறியிருந்தால் இணைப்பே வந்திருக்காது, அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். இந்தக் கேபிளில் நான்கு கம்பிகளும் ஒன்றாக முறுக்கப்பட்டு, மஞ்சளுக்கு நேரெதிரே ஆரஞ்சும் வெள்ளைக்கு நேரெதிரே நீலமும் இருக்கும். அப்படி எதிரெதிராக இருப்பதால்தான் ஓர் இணையின் தாக்கம் மற்றதில் சமமாக விழுந்து ரத்தாகிறது. உங்கள் கேபிளிலோ மஞ்சளும் வெள்ளையும் ஓர் இணை, ஆரஞ்சும் நீலமும் இன்னோர் இணை. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. அதன்மேல் சர்வோ டிரைவின் இரைச்சலும், வால்போல் முறுக்கிய ஷீல்டும் சேர்ந்துகொண்டன. பின்னலை முழு வட்டமாகப் பரப்பி, கனெக்டரின் உலோக வளையம் சுற்றிலும் கவ்வும்படி கட்டுங்கள்.

கேட்டவர்

நேற்று மதிய இடைவேளையில் இரு முனைகளையும் நிற வரிசைப்படி திருத்திக் கட்டினோம். இன்று மாலை வரை பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறது. மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதம் உள்ளன: இருப்புக்கு வாங்குவது எதை, ஐபி69கே தேவையா? அதே மாட்யூலுக்கு 24 வோல்ட் கொண்டுசெல்லும் கேபிளையும் மாற்றவிருக்கிறோம். வால்வுகளும் சென்சார்களும் சேர்ந்து ஏறக்குறைய 6 ஆம்பியர் எடுக்கும்.

மறுமொழி 3

செயினுக்குள் ஓடும் கேபிளுக்கு, ஆலையிலேயே கனெக்டர் கட்டுவதைக் கூடுமானவரை தவிர்த்து, இரு முனைகளிலும் வார்ப்பாகவே கனெக்டர் பொருத்தி வரும் 12 மீட்டர் கேபிளை வாங்கி ஒன்றை இருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் கட்டும் வகை, நள்ளிரவில் அவசரத்துக்கு.

ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்குவது. ஐபி69கே, 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அருகிலிருந்து பீய்ச்சினாலும் தாங்குவது. உங்கள் கேன்ட்ரியை அப்படிக் கழுவுகிறீர்களா என்பதுதான் கேள்வி. பால் நிரப்பும் இடத்தில் கட்டாயம் வாங்குவேன், மரைநட்டும் துருப்பிடிக்காத எஃகில்தான் கேட்பேன். கிரேட் அடுக்கும் இடத்தில் ஐபி67 போதும். எந்த மதிப்பும் கனெக்டரை முழுதாக மாட்டி முறுக்கிய பிறகுதான் செல்லும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கி, காலியான சாக்கெட்டுகளுக்கு மூடி போடுங்கள்.

மின்சாரத்துக்கு ஐந்து பின் ஏ-கோடிங்கை எடுக்காதீர்கள், ஒரு பின்னுக்கு 4 ஆம்பியர்தான் தாங்கும். 63 வோல்ட், 16 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடிய எல்-கோடிங் இதற்கென்றே வந்தது. மாட்யூலின் மின் சாக்கெட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். கம்பியின் தடிமனிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 12 மீட்டர் போக, 12 மீட்டர் வர, 6 ஆம்பியரில் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி 3.4 வோல்ட் விழுங்கிவிடும், 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 1.7 வோல்ட்.

கேட்டவர்

மாட்யூலைப் பார்த்தேன் ஐயா, மின் சாக்கெட் எல்-கோடிங்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, நீலம் என்ற வரிசையை ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.