ஆறு வயதுக் குழந்தைக்கு மேற்கத்திய இசையமைப்பாளர்கள்: எந்த மாதிரிப் படப் புத்தகம் எடுக்கலாம்?

மழைக்கால வாசகி:

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் மேற்கத்திய செவ்வியல் இசை ஓடிக்கொண்டே இருக்கும். "இதை யார் போட்டது?" என்று இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறாள். சரி, படப் புத்தகமாக வந்திருக்கும் வாழ்க்கைக் கதைகளைக் காட்டலாமே என்று சிலவற்றைப் புரட்டினேன். பெரும்பாலும் "1756இல் சால்ஸ்பர்க்கில் பிறந்தார்" என்று தொடங்கி, பட்டியல் போட்டு, இறப்பில் முடிகின்றன. இரண்டாவது பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். யாரிடமிருந்து தொடங்குவது? மோட்சார்ட் 35 வயதில் இறந்ததை எல்லாம் இந்த வயதில் சொல்லலாமா?

வெள்ளைக்கட்டை கறுப்புக்கட்டை:

சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருவது என் வேலை. அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துப் புத்தகம் எடுக்காதீர்கள். உள்ளே ஒரு சம்பவம் இருக்கிறதா, அந்தச் சம்பவம் இசையிலேயே காதில் விழுகிறதா என்று பாருங்கள்.

என் கணக்கில் முதல் ஆள் ஹைடன். 1772. இளவரசர் நிக்கலாஸ் எஸ்டர்ஹாசி தன் கோடைக்கால மாளிகையை விட்டுக் கிளம்புவதாக இல்லை. அவரிடம் வேலை பார்த்த ஹைடன் குழு வாத்தியக்காரர்களின் குடும்பங்களோ ஐசன்ஷ்டாட் என்ற ஊரில் இருக்கின்றன. முதலாளியிடம் போய் "வீட்டுக்கு விடுங்கள்" என்று எப்படிக் கேட்பது? ஹைடன் ஒரு சிம்பொனி (முழு வாத்தியக் குழுவும் வாசிக்கும் பெரிய இசை) எழுதினார், அவருடைய சிம்பொனிகளில் 45ஆம் எண். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தன் பங்கை வாசித்து முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, எழுந்து போகிறார்கள். மிச்சம் இரண்டே வயலின். இளவரசருக்கு விஷயம் புரிந்துவிட்டது, மறுநாளே எல்லோரும் கிளம்பினார்கள் என்பார்கள். முதலாளியைக் கோபப்படுத்தாமல் லீவு வாங்கின கதை! ஆறு வயதுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. படம் வரைபவருக்கும் கொண்டாட்டம், பக்கத்துக்குப் பக்கம் இருட்டைக் கூட்டிக்கொண்டே போகலாம். முழு சிம்பொனியையும் போட்டுவிடாதீர்கள். கடைசியில் வேகம் குறைந்து மெதுவாகத் தொடங்கும் இடத்திலிருந்து போடுங்கள். எந்த வாத்தியம் காணாமல் போகிறது என்று அவளே சொல்வாள்.

அப்புறம் பாக். 1705இல், இருபது வயதில், புக்ஸ்டஹூடெ என்ற பெரியவர் ஆர்கன் (தேவாலயங்களில் இருக்கும் பெரிய குழாய் வாத்தியம்) வாசிப்பதைக் கேட்க ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். வாங்கின விடுமுறை நான்கு வாரம், திரும்பியது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. வேலை கொடுத்தவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். இதை விட்டுவிட்டு, "பாக்குக்கு இருபது குழந்தைகள்" என்று மட்டும் சொல்லும் புத்தகத்தால் என்ன பயன்?

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: பாக் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்? மூன்று பெடல் வைத்த பளபள கிராண்ட் பியானோ என்றால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். அவர் காலத்தில் அது கிடையாது. ஆர்கன், அப்புறம் ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட் என்ற பழைய கட்டை வாத்தியங்கள், இவைதான். படத்தில் இவ்வளவு அசட்டை என்றால் எழுத்திலும் அப்படித்தான் இருக்கும்.

அரைத்தூக்க அப்பா:

மேலே சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. வேடிக்கைக் கதைகளாகவே தேடினால், "பிறவி மேதை, ஐந்து வயதில் இசையமைத்தார்" வகைப் புத்தகங்கள்தான் கையில் சிக்கும். அதைக் கேட்ட என் பையன், "எனக்கு ஏழு ஆகிவிட்டதே" என்றான். மோட்சார்ட் புத்தகம் என்றால் நான் முதலில் தேடுவது அக்கா நானெர்லை. நாலரை வயது மூத்தவள், அதே அப்பாவிடம் கற்றவள், ஐரோப்பா முழுக்கத் தம்பியோடு வாசித்தவள், வயது வந்ததும் வீட்டில் நிறுத்தப்பட்டவள். அவளைப் பின்னணியில் ஒரு கவுனாக மட்டும் வரைந்திருந்தால் எடுக்க மாட்டேன்.

பேத்தோவனில் எங்கள் வீட்டில் எடுபட்டது உரையாடல் நோட்டுகள். காது கேட்காமல் போன பிறகு வந்தவர்கள் கேள்வியை நோட்டில் எழுதிக் காட்டுவார்கள், அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொல்வார். அதனால் இன்று மிஞ்சியிருக்கும் நோட்டுகளில் கேள்விகள்தான் அதிகம். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யூகிப்பது பையனுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது.

மழைக்கால வாசகி:

நானெர்ல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இறப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், இசையைப் போடும்போது வீடியோவா, வெறும் ஒலியா?

வெள்ளைக்கட்டை கறுப்புக்கட்டை:

அப்பா சொல்வது நியாயம்தான். நானெர்லை என் பட்டியலிலும் சேர்த்துக்கொள்கிறேன்.

இறப்பை மறைக்க வேண்டாம். "அவர் இப்போது எங்கே?" என்று அவளே கேட்பாள். மோட்சார்ட் 1791இல் உடம்பு சரியில்லாமல் போய் இறந்தார் என்பது போதும். சாலியேரி என்ற சக இசையமைப்பாளர் விஷம் வைத்தார் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. அதைப் பெரிதுபடுத்தும் புத்தகம் வேண்டாம்.

ஹைடனுக்கு வீடியோ. ஆட்கள் எழுந்து போவதைப் பார்க்காவிட்டால் பாதி வேடிக்கை போய்விடும். விவால்டிக்கு வெறும் ஒலி: "நான்கு பருவங்க"ளில் வசந்தத்தின் இரண்டாம் பகுதியைப் போட்டு, இதற்குள் ஒரு நாய் குரைக்கிறது, கண்டுபிடி என்று விட்டுவிடுங்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாதான் நாய். சான்-சான்ஸின் "விலங்குகளின் திருவிழா"வும் அப்படியே. ஆமைக்கு அவர் கொடுத்தது ஓஃபன்பாக் என்ற இசையமைப்பாளரின் துள்ளல் கான்-கான் ஆட்டத்தை, அதுவும் நத்தை வேகத்தில். முதலில் அசல் வேகத்தில் கான்-கானைப் போடுங்கள், அதன் பிறகு ஆமை. முன்பின்னாகப் போட்டால் சிரிப்பு வராது.